தலை ஆடியது, கயிறு திரும்பியது

போன புதன்கிழமை வெள்ளவத்தைச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். வழக்கமான கடைக்காரர் தராசில் கையை வைத்தபடி, "போஞ்சி பாகயக் தான்னத, நோனா?" என்றார். அரைக் கிலோ போடட்டுமா என்று சிங்களத்தில் கேள்வி. நான் பக்கத்துக் கடைத் தக்காளியைப் பார்த்தபடியே தலையை ஆட்டினேன். அவர் அரைக் கிலோ போஞ்சியை நிறுத்துப் பையில் போட்டார். பிறகு கத்தரிக்காயைத் தூக்கிக் காட்டினார். மறுபடியும் தலையை ஆட்டினேன். கத்தரிக்காயை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் யோசித்தேன். இரண்டு தடவையும் ஆட்டியது ஒரே தலை. ஆட்டிய விதத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. போஞ்சிக்கு ஓம், கத்தரிக்காய்க்கு இல்லை என்று அந்த மனுசன் எப்படிக் கண்டுபிடித்தார்?

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஏனென்றால் இதே தலையால்தான், இரண்டு மாதத்துக்கு முன்னர், நோர்வேயில் ஒரு பனிமலையின் உச்சிக்குக் கிட்டப் போன ஆறு பேரைத் திருப்பி இறக்கினேன்.

பொறுங்கள், ஒழுங்காகச் சொல்கிறேன்.

எனக்கும் மலைக்கும் ஏழாம் பொருத்தம் என்பது இந்தப் பத்தியை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். நுவரெலியாவுக்குப் போனாலே காதைச் சுற்றி மஃப்ளர் கட்டிக்கொண்டு அறைக்குள் இருக்கிற ஆள். பனிக்குள் நிற்காதே, தடிமன் பிடிக்கும் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவள். எங்கள் பனி என்பது விடிய எழும்பினால் புல்லில் கிடக்கிற ஈரம். அதற்கே அவ்வளவு பயம்.

எல்லாம் இவரால் வந்தது. இவர் — என் கணவர் — கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தார். சேர்ந்த வருடம் கம்பனி ஒரு கலண்டர் கொடுத்தது. அதில் ஜூலை மாதப் படம், நோர்வேயில் ஒரு பனியாறு. கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு வெள்ளை வெளேரென்று கிடக்கிறது. இடது மூலையில், படம் பிடித்த மலையுச்சியிலேயே, யாரோ அடுக்கிவைத்த ஒரு கற்குவியல். வருடம் முடிந்ததும் கலண்டர் குப்பைக்குப் போனது. அந்தப் படம் மட்டும் அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டப்பட்டது. கலியாணமாகி வந்த நாளிலிருந்து, சேலை எடுக்க நான் கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பனியாறு. கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு வீடு மாறினோம். அலுமாரியும் வந்தது, படமும் வந்தது.

தனக்கென்று எதையும் கேட்காத மனுசன். கறியில் உப்பில்லை என்றுகூடச் சொல்லத் தெரியாது. அவர் ஓய்வுபெற்ற அன்று, ஒஸ்லோவில் இருக்கிற என் தம்பி தொலைபேசியில் கூப்பிட்டு, "அத்தான், உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டான். இவர் சொன்னார்: "அந்தக் கல்லை ஒருக்காத் தொடவேணும்."

தம்பிக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

தம்பி எங்கெங்கோ விசாரித்து நாலு நாள் பயணம் ஒன்றைப் பதிவு செய்துவிட்டான். வழிகாட்டியோடு பனியாற்றில் நடக்கவேண்டும், மலைக் குடில்களில் தங்கவேண்டும், மூன்றாம் நாள் உச்சி, நாலாம் நாள் இறக்கம். முன்னனுபவம் தேவையில்லை, அறுபது வயதுக்காரரும் வருவார்கள் என்றான். தனக்கு முழங்கால் வலி, வரமுடியாது என்றும் சொன்னான். கெட்டிக்காரன்.

இவரைத் தனியே விட முடியுமா? நானும் போவதென்று ஆயிற்று.

மூன்று மாதம் பயிற்சி. இவர் முதுகுப்பையில் பத்துக் கிலோ சம்பா அரிசியைப் போட்டுக்கொண்டு மரைன் டிரைவ் வழியே தெஹிவளை வரை நடப்பார். பின்னால் நான், ஐந்து கிலோவோடு. லிஃப்ட் வேலை செய்த நாட்களிலும் ஆறு மாடியைப் படியால் ஏறினோம். இரண்டாம் மாடியில் இருக்கிற ரீச்சர் ஒருநாள் என்னை மறித்து, வீட்டில் ஏதும் பிரச்சினையா, அரிசியோடு எங்கே வெளிக்கிடுகிறீர்கள் என்று காதுக்குள் கேட்டார்.

வழிகாட்டியின் பெயர் மாரித். முப்பது வயதுகூட இருக்காது. இவர் முதல் நாளே அவளை 'மாரி' ஆக்கிவிட்டார். மாரி வந்தால் மழை வராமலா? அன்று முழுக்கத் தூறல்தான். எங்களோடு மூன்று ஜெர்மன்காரர், மூவரும் ஆசிரியர்கள். ஆக ஆறு பேர், ஒரே கயிறு. முன்னால் மாரித், அடுத்தது நான், பிறகு ஜெர்மன்காரர், கடைசியில் இவர். கனமான ஆள் பின்னால் நிற்பது நல்லதாம். கலியாணமாகி முப்பது வருடத்தில் முதல்தடவையாக எங்கள் இருவரையும் ஒரு கயிற்றில் கட்டினார்கள்... நடுவில் ஐரோப்பா.

பூட்ஸுக்கு அடியில் இரும்புப் பற்கள். இடுப்பில் பட்டி. கையில் பனிக்கோடரி. கயிறு இழுபடவும் கூடாது, தொய்யவும் கூடாது என்றாள் மாரித். பனியாற்றில் ஆழமான பிளவுகள் இருக்கும், மேலே மெல்லிய பனி மூடியிருக்கும், ஒருவர் விழுந்தால் மற்ற ஐந்து பேரும்தான் பிடிக்கவேண்டும். இரண்டாம் நாள் அதையும் கண்டோம். ஜெர்மன்காரர் ஒருவரின் கால் தொடைவரை உள்ளே போய்விட்டது. கயிறு இறுகியது, எல்லோரும் அப்படியே பனியில் குந்தினோம், அவர் காலை உருவிக்கொண்டு எழும்பினார். அதற்குப் பிறகு மாரித் சொன்னதெல்லாம் எனக்கு வேதவாக்கு.

ஒன்றைத் தவிர.

காற்று அடித்தால் பேச்சுக் கேட்காது. அதனால் அவள் அடிக்கடி திரும்பிப் பார்த்துப் பெருவிரலை உயர்த்துவாள். நாங்களும் பெருவிரலை உயர்த்தினால், சரி, போகலாம். முடியாவிட்டால் தலையை இரண்டு பக்கமும் ஆட்டவேண்டும். ஒரே ஒருவர் ஆட்டினாலும் ஆறு பேரும் திரும்புவோம், ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது. இது அவளுடைய சட்டம். விளங்கியதா என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். அவள் எல்லாவற்றையும் இன்னொருமுறை, மெதுவாக, முதலிலிருந்து விளக்கினாள். ஏன் என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

இவர் எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றார். உங்கள் கணவர் பிரார்த்தனை செய்கிறாரா என்று மாரித் என்னிடம் பணிவாகக் கேட்டாள். அவள் யோகா வகுப்புக்குப் போகிறவளாம். அது மந்திரம் இல்லை, நாங்கள் கதைக்கிற தமிழ் என்று விளக்க எனக்கு மூச்சு இருக்கவில்லை. பக்திமான் என்றே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் உச்சி தெரிந்தது. வெள்ளைக்கு நடுவில் கறுப்பாக ஒரு பாறை. அதன்மேல் அந்தக் கற்குவியல்... முப்பது வருடம் என் சேலைகளுக்குப் பக்கத்தில் இருந்த அதே கற்குவியல். எனக்கே உடம்பு சிலிர்த்தது. திரும்பிப் பார்த்தேன். கயிற்றின் அந்த முனையில் இவர் கோடரியை ஊன்றிக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

இன்னும் அரைமணி நேரம்தான். கடைசிச் சரிவு. கொஞ்சம் மேகம் வந்தது, காற்றும் எழும்பியது. மாரித் திரும்பிப் பெருவிரலை உயர்த்தினாள். எனக்கு மூச்சு வாங்கியது, தொடை நடுங்கியது. ஆனால் போகலாம். ஒரு கையில் கோடரி, மற்றக் கையில் கயிறு — பெருவிரலுக்கு எங்கே போவது? 'பரவாயில்லை, போவம்' என்கிற மாதிரித் தலையை ஆட்டினேன்.

அவள் உற்றுப் பார்த்தாள். மறுபடியும் பெருவிரல். பாவம், பிள்ளை என்னை நினைத்துக் கவலைப்படுகிறாள் என்று நான் இன்னும் பலமாக ஆட்டினேன். போதாததற்குச் சிரித்தும் காட்டினேன்.

அவள் ஒருகணம் வானத்தைப் பார்த்தாள். பிறகு கையைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றினாள். திரும்புகிறோம் என்று அர்த்தம்.

இறங்கும்போது கடைசி ஆள்தான் முதல் ஆள். இவர் ஒன்றும் கேட்கவில்லை. ஒரே ஒருதரம் உச்சியைப் பார்த்தார். பிறகு திரும்பி, கயிறு இழுபடாமல், தொய்யாமல், ஒழுங்காக இறங்கத் தொடங்கினார். நான் மேகத்தைத் திட்டிக்கொண்டே நடந்தேன். தூரத்தில் அந்த முதுகு தெரிந்துகொண்டே இருந்தது.

குடிலில் தேத்தண்ணீரோடு உட்கார்ந்திருந்தேன். மாரித் பக்கத்தில் வந்து இருந்தாள். இன்று நீங்கள் செய்தது பெரிய காரியம் என்றாள். உச்சிக்கு அவ்வளவு கிட்டப் போனபிறகு, முடியாது என்று சொல்லப் பலருக்குத் துணிவு வராதாம். நான் சிரித்துக்கொண்டே சொன்னேனாம். மற்றவர்களிடம் மேகம் என்றுதான் சொல்லியிருக்கிறேன், உங்களால் என்று யாருக்கும் தெரியாது, கவலைப்படாதீர்கள் என்றாள்.

நான் எப்போது முடியாது என்றேன்?

அவள் ஆட்டிக் காட்டினாள். இடம், வலம், இடம், வலம், கூடவே ஒரு சிரிப்பு. அச்சொட்டாக நான்தான்.

தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? மேகம் என்றே விட்டுவிடலாம். மேகம் வந்து சாட்சி சொல்லப் போவதில்லை. இவர் அடுப்படியில் சொக்ஸைக் காயவைத்துக்கொண்டு ஜெர்மன்காரருக்குக் கொழும்புத் துறைமுகத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு குறையும் இல்லை. உப்பில்லாத கறியைச் சாப்பிடுகிறபோது இருக்கிற அதே முகம். அதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

வெளியே கூட்டிக்கொண்டு போனேன். "இஞ்சாருங்கோ, மேகத்தால திரும்பேல்ல. என்ர தலையால திரும்பினனாங்கள்" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

இவர் கேட்டுக்கொண்டே நின்றார். தோள் குலுங்கியது. இவரும் அழுகிறார் என்று நினைத்தேன். பார்த்தால் சிரிக்கிறார்.

"முப்பது வருசமா உம்மட தலையைப் பாத்துத்தான் சீவிக்கிறன். எனக்கே இன்னும் ஓமோ இல்லையோ எண்டு பிடிபடேல்ல. அந்தப் பிள்ளை மூண்டு நாளில எப்பிடிக் கண்டுபிடிக்கும்?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். பரவாயில்லையப்பா, கிட்டப் போய்ப் பார்த்தாச்சுத்தானே என்றும் சொன்னார். அந்தப் 'பரவாயில்லை'யைக் கேட்டதும்தான் எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை. எங்கள் எல்லோர்மேலும்.

நாங்கள் ஏன் இப்படி? வேண்டும் என்றால் வேண்டும் என்று சொல்லமாட்டோம். வேண்டாம் என்றாலும் சொல்லமாட்டோம். கலியாண வீட்டில் இன்னொரு வடை வைக்கட்டா என்றால் தலையை ஆட்டுவோம். அது எந்த ஆட்டல் என்று பரிமாறுகிறவர்தான் கண்டுபிடிக்கவேண்டும். நோகிறதா என்று டொக்டர் கேட்டாலும் அதே ஆட்டல். கெட்ட மனம் இல்லை — எதிரே நிற்கிறவருக்கு நம்மால் கரைச்சல் வரக்கூடாது என்ற நினைப்புத்தான். ஆனால் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு நடக்கும்போது, அந்த நல்ல மனம்தான் ஆளைக் கவிழ்க்கிறது.

உள்ளே போய் மாரித்திடம் உடைத்துச் சொன்னேன். நாளைக்கு இறங்குவதற்கு முன்னர் இன்னொருதரம் போகலாமா என்று வாயால் கேட்டேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு கைபேசியில் காலநிலையைப் பார்த்தாள். காலை ஐந்து மணிக்கு வெளிக்கிட்டால் போய்வந்து பின்னேர பஸ்ஸையும் பிடிக்கலாம், ஆனால் எல்லோருக்கும் சம்மதமாக இருக்கவேண்டும் என்றாள். இவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று நோர்வே சமாதானம் பேசுகிறது... எங்களுக்கு இது புதிதா என்ன?

இவர் தரையைப் பார்த்தார். மற்றவர்களுக்குக் கரைச்சல்தானே என்று இழுத்தார். நான் முழிசிப் பார்த்தேன். "ஓம்" என்றார் கடைசியில். பிறகு ஆங்கிலத்தில், எனக்குப் போகவேண்டும் என்றார். தனக்கு ஒன்று வேண்டும் என்று அவர் சொல்லி நான் கேட்டது, தம்பியின் தொலைபேசியோடு சேர்த்து, இது இரண்டாவது தடவை.

இப்போதும் பிரார்த்தனையா என்று மாரித் என்னைப் பார்த்தாள். இல்லை, இதுதான் எங்கள் 'யெஸ்' என்றேன். ஜெர்மன்காரர் மூவரும் உடனே கையை உயர்த்தி, ஒன்றன்பின் ஒன்றாக, "ஓம்" என்றார்கள்.

மாரித் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். நாளைக்கு என் தலைக்கு வேலை கிடையாது.

மறுநாள் நல்ல வெயில். அதே சரிவு, அதே இடம். மாரித் திரும்பிப் பெருவிரலை உயர்த்தினாள். நான் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஓம்" என்று கத்தினேன். பின்னால் மூன்று ஜெர்மன் ஓம். கடைசியில் இவருடைய ஓம். யாராவது பார்த்திருந்தால் கைலாய யாத்திரை என்றுதான் நினைத்திருப்பார்கள்.

உச்சியில் இவர் கையுறையைக் கழற்றினார். வெறும் கையால் கல்லைத் தொட்டார். அவ்வளவுதான். படம் எடுக்கட்டா என்று கேட்டதற்கு, படம்தான் வீட்டில் இருக்கிறதே என்றார். கல்லுச் சரியான குளிர் என்று, ஏதோ பெரிய கண்டுபிடிப்பு மாதிரி எனக்குச் சொன்னார். நானும் தொட்டுப் பார்த்தேன். உண்மைதான், சரியான குளிர். கீழே எங்கள் அலுமாரிக் கதவு அப்படியே விரிந்து கிடந்தது. பக்கத்தில் இவர் மூக்கு நுனி சிவந்து, வாய் நிறையச் சிரிப்போடு. எனக்கு மனம் நிறைந்துபோயிற்று. இதற்குமேல் அதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

அன்று சந்தையில் வாங்கிய போஞ்சியை வதக்கிக்கொண்டிருந்தபோது, இவர் குசினி வாசலில் வந்து நின்றார். அடுத்த வருடம் இன்னொரு பனியாற்றுக்குப் போவோமா, இதைவிடக் கொஞ்சம் பெரிசு, ஆறு நாள் என்றார். எனக்கு எண்ணெய்ச் சட்டியில் கண். தலையை ஆட்டினேன்.

இன்று விடிய எழும்பிச் சோறு வைக்கப் போனால் வாளியில் அரிசியைக் காணோம். எல்லாம் முதுகுப்பையில். இவர் ஆறு மாடியையும் இறங்கி ஏறிக்கொண்டிருக்கிறார், வலு சந்தோஷமாக.

உங்களுக்கு மட்டும் சொல்கிறேன் — நான் ஆட்டியது 'இல்லை'.