கடைசி வரிசைப் பதினோரு மரங்கள்

இந்த நாட்டில் இளைஞர் என்றால் யார் என்று சோணைமுத்து மகள் பாண்டீஸ்வரியைக் கேட்டால் சொல்லிவிடுவாள். கூப்பிட்டதும் கூட்டத்துக்கு வருகிறவர், கொடுத்த தொப்பியைப் போட்டுக்கொள்கிறவர், போட்டோ எடுக்கும்போது அதிகாரிகளுக்கு நடுவே நிற்கிறவர். அவ்வளவுதான். மூன்று வருசமாக அவள் அந்த உத்தியோகத்தைப் பார்த்து வருகிறாள். சோறு போடுகிற உத்தியோகம் வேறே. அது ராஜபாளையத்து ஸ்பின்னிங் மில்லில், ராத்திரி ஷிப்டு. காலையில் எட்டரைக்கு மில் பஸ் அவளைச் சேத்தூரில் இறக்கிவிடும்போது புருவத்தில்கூடப் பஞ்சு ஒட்டியிருக்கும். அன்றைக்கு மலைக் கூட்டம் இருந்தால் தூக்கம் போச்சு. முகத்தைக் கழுவிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். வயசு இருபத்தாறு. ஆளைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

மலைக் கூட்டம் என்று அவள் சொல்வது ஒரு திட்டத்தின் கூட்டம். மலை நாளைக்கு எப்படி இருக்கணும், அடிவாரத்தில் எதுவரைக்கும் காடு, எதுவரைக்கும் தோப்பு, எங்கே ரோடு, எங்கே ரிசார்ட்டு என்பதையெல்லாம் இளைஞர்களைக் கேட்டுத் தீர்மானிப்பார்களாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கே முதலில் கேட்டபோது பரவாயில்லையே என்று பட்டது.

உள்ளதைச் சொல்லணும், திட்டக்காரர்கள் முதலில் பெரியவர்களிடம்தான் போனார்கள். அது பலிக்கவில்லை. சேத்தூருக்கு மேற்கே மலையை ஒட்டியிருக்கிற மாந்தோப்புகளில் ஒரு வழக்கம் உண்டு. தோப்புக்குள் நின்றுகொண்டு யாரும் யானை என்ற பேரை எடுக்க மாட்டார்கள். எடுத்தால் கூப்பிட்ட மாதிரி. 'அவிய' என்பார்கள். 'நேத்து அவிய வந்துட்டுப் போயிருக்காவ' என்றால் அங்கே எல்லோருக்கும் விளங்கும். இது தெரியாமல் கையில் டேப்லெட்டோடு ஒரு பெண் தோப்பு தோப்பாக வந்து, "ஐயா, இங்க யானை வருதா?" என்று கேட்டாள். சொல்லிவிடுவார்களா? சோணைமுத்து மலையைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், "அப்பிடியெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றார். போன தோப்பிலெல்லாம் இதே பதில். முந்தாநாள் அவிய போட்ட லத்தி காலுக்குப் பக்கத்தில் கிடக்க, இந்தப் பக்கம் யானை நடமாட்டமே இல்லை என்று பதிவாகிவிட்டது.

அதற்கப்புறம்தான் அவர்களுக்கு இளைஞர்கள் ஞாபகம் வந்தது. பதினாலு பேரைச் சேர்த்தார்கள். பாண்டீஸ்வரி தாவரவியல் படித்தவள் என்பதால் அவளைத் தலைவியாக்கினார்கள். சூர்யபிரகாஷ் என்று ஒரு பையன், செல்போன் கடையில் வேலை பார்க்கிறவன், போனில் இடம் குறிக்கச் சொல்லிக்கொடுத்தான். மூன்று மாசம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அடிவாரம் பூராவும் நடந்தார்கள். ஊற்று எங்கே, ஓடை எங்கே, அவிய எங்கே இறங்குகிறார்கள், எங்கே ஏறுகிறார்கள் என்று ஒன்று விடாமல் குறித்தார்கள். அவளுக்கு அந்த மூன்று மாசமும் அத்தனை சந்தோசம். பிறந்ததிலிருந்து பார்க்கிற மலைக்கு அப்போதுதான் யாரோ அவளிடம் விலாசம் கேட்ட மாதிரி இருந்தது.

அந்தச் சந்தோசத்தில்தான் கடைசி வரிசையையும் எழுதினாள்.

அதுவும் அந்தத் தோப்புக்காரர்களின் வழக்கம்தான். ஓடையை ஒட்டின கடைசி வரிசை மாமரங்களில் காய் பறிப்பதில்லை. அந்தப் பக்கம் வேலியும் கிடையாது. குத்தகை பேச வருகிற மாங்காய் வியாபாரியிடம் முதல் வார்த்தையே, "கடைசி வரிசை நம்ம பேச்சுல இல்ல" என்பதுதான். அவிய ஓடை வழியாக இறங்கி, அந்த வரிசையில் தின்றுவிட்டு, வந்த வழியே ஏறிவிடுவார்கள். அடுத்த வரிசையில் ஒரு கொப்பு ஒடியாது. ஒடியவே ஒடியாது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், ஒடிந்தாலும் யாரும் பெரிதாகப் பேசமாட்டார்கள். சோணைமுத்துவின் ரெண்டு ஏக்கரில் அந்த வரிசையில் பதினோரு மரம், அம்புட்டும் சப்பட்டை ரகம். அப்படி வரிசை விட்ட தோப்புகள் ஒன்பது. ஒன்பதையும் போட்டோ எடுத்து, 'இவை யானைகளுக்காக விடப்பட்டவை' என்று கொட்டை எழுத்தில் எழுதி அனுப்பினாள். கூட்டத்தில் கைதட்டினார்கள்.

மறு வருசம் முதல் வரைபடம் வந்தது. அதில் சிவப்பாக ஒரு கோடு. கோட்டுக்குள் இருப்பது யானைத் தடம். அங்கே புதுசாகப் போர்வெல் போடக்கூடாது, கரண்டு இணைப்பு கிடையாது, பட்டுப்போன மரத்துக்குப் பதில் மரம் வைக்கக்கூடாது. வரிசை விட்ட ஒன்பது தோப்பும் முழுசாகக் கோட்டுக்குள் இருந்தது. பக்கத்தில் வெளியூர்க்காரர் ஒருவர் சோலார் வேலி போட்டு, அவிய மூக்கை நீட்டினால் ஷாக் அடிக்கிற மாதிரி வைத்திருக்கிறாரே, அவருடைய இருபது ஏக்கர் கோட்டுக்கு வெளியே. அங்கேதான் யானை வருவதில்லையே! தடம் இல்லையே! இந்த நியாயத்தைக் கேட்டால் வயிறு எரியுமா எரியாதா?

அப்போதே சோணைமுத்துவின் போர் வற்றிக்கொண்டிருந்தது. புதுப் போருக்கு எழுதிக்கொடுத்தார், கோட்டைக் காட்டித் திருப்பிவிட்டார்கள். போன கோடையில் மூன்று மரம் நின்றபடியே காய்ந்தது. தண்ணீர் இல்லாமல் இன்னும் ரெண்டு கோடை போனால் தோப்பு என்று சொல்ல அங்கே ஒன்றும் இருக்காது. ஊரில், "ஒம் மவ எழுதிக் குடுத்த கோடுதான்வே" என்று அவர் முகத்துக்கு நேரேயே சொன்னார்கள். அவர் மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். பெண்டாட்டி செத்து ஆறு வருசமாகிறது. வீட்டில் ரெண்டே பேர், இருக்கிற பேச்சும் குறைந்துபோனது.

கோட்டை மாற்றச் சொல்லி அவள் நாலு கூட்டத்தில் கேட்டாள். நாலு தடவையும் மஞ்சள் தாளில் எழுதிப் பலகையில் ஒட்டச் சொன்னார்கள். ஒட்டினாள். கூட்டம் முடிந்ததும் தாளையெல்லாம் கூட்டிப் பெருக்கி அள்ளியதை ஒருநாள் தன் கண்ணாலேயே பார்த்தாள். அன்றைக்குத்தான் அவளுக்கு உள்ளே ஏதோ விட்டுப்போச்சு. அதுக்குப் பொறவும் போனாள் என்றால் நம்பிக்கையில் இல்லை; தான் போட்ட கோட்டைத் தான்தானே அழிக்கணும் என்கிற ஒரு இதுதான்.

கடைசிக் கூட்டம் இந்த மாசியில், ஒரு புதன்கிழமை. அதோடு வரைபடம் முடிவாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தோப்பு தவசிமுத்து ஒரு காகிதத்தோடு வந்தார். 'இந்த ஒன்பது தோப்பிலும் யானை வருவதில்லை, இளைஞர் குழு தவறுதலாகக் குறித்துவிட்டது' என்று டைப் அடித்திருந்தது. ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மூன்றாவது கையெழுத்து அப்பாவுடையது.

"நீ எந்திச்சு, நாங்க தப்பா எழுதிட்டோம்னு சொல்லி இதக் குடுத்துரு, போதும்" என்றார் தவசிமுத்து.

"சித்தப்பா, வருதது நெசந்தான?"

"ஏட்டி, நெசத்த எழுதி நீ கிழிச்சது போதாதா?"

காகிதத்தை மடித்துப் பையில் வைத்தாள்.

புதன்கிழமை காலையில் ஷிப்டு முடிந்து வந்து, குளித்து, ரெண்டு இட்லியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். அப்பா வாசலில் நின்றார்.

"எப்பா, நான் அந்தக் காகிதத்தக் குடுக்கணுமா?"

"ஒனக்குப் பொய் சொல்ல வராது தாயி. சின்னப் பிள்ளையிலேயே வராது" என்றார். பொறவு, "போயிட்டு வா. இங்க நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில் இருநூறு நாற்காலி. சேர்மன் பேசினார், செயலாளர் பேசினார், வராதவருடைய வாழ்த்துச் செய்தியை வாசித்தார்கள். மலை நம் தாய் என்றார்கள். பாண்டீஸ்வரிக்குக் கண் சொக்கியது. தொடையைக் கிள்ளிக் கிள்ளி உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டே முக்காலுக்கு, "இப்போது இளைஞர் பிரதிநிதி, ரெண்டு நிமிசம்" என்றார்கள்.

காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டுதான் மேடைக்குப் போனாள். சத்தியமாகக் கொடுக்கத்தான் போனாள். மைக்குக்கு முன்னால் நின்றதும் அந்தப் பொய்யைச் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. பொய் சொல்லவும் ஒரு தெம்பு வேணுமில்லையா?

"எங்க தோப்புல யானை வருது" என்றாள். "நாங்கதான் எழுதுனோம், சரியாத்தான் எழுதுனோம். கடைசி வரிசைய அதுக்குன்னு விட்டுருக்கோம், அதனால அது அந்த வரிசையோட போயிருது. அதுக்கு மேல இருக்கற மரத்துக்கு எதுக்கு நீங்க கோடு போட்டீங்க? வரிசை விட்டவன் தோப்பு காயுது. கரண்டு வேலி போட்டவன் நல்லாருக்கான். இன்னும் ரெண்டு வருசத்துல எல்லாருமே வேலி போட்ருவோம். அப்ப அது எங்க போகும்? நீங்க கேட்டீங்கன்னுதான சொன்னோம்? சொன்னதுக்கா இது?" நன்றி வணக்கம்கூடச் சொல்லவில்லை. இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது, அழுதாள். யார் பார்த்தால் என்ன?

சாப்பாட்டு நேரத்தில் ஒரு அம்மா அவளைத் தேடி வந்தார். ஜெயபாய் மேடம். வரைபடத்தில் கடைசிக் கையெழுத்துப் போடுகிறவர். மூன்று வருசத்தில் ஒரு தடவைகூடக் கூட்டத்தில் வாயைத் திறந்து அவள் பார்த்ததில்லை.

"அந்த வரிசை இப்பவும் நிக்குதாம்மா?"

"நிக்குது மேடம். பூ முடிஞ்சு வடு பிடிச்சிருக்கு."

"தடம்னு ஏற்கெனவே ஜனங்களே விட்டு வச்சிருக்காங்கன்னா, அது வரைக்கும் கோடு போட்டாப் போதும். மிச்சத் தோப்பு வெளிய வந்துரும். ஆனா நான் நேர்ல பாக்கணும், மரத்த எண்ணிப் படம் எடுத்துக் கோப்புல வைக்கணும். வெள்ளிக்கிழமை காலையில வரட்டுமா?"

பாண்டீஸ்வரிக்குக் காது சரியாகக் கேட்டதா என்று சந்தேகம். "நெசமாவா மேடம்?" என்றாள் சின்னப்பிள்ளை மாதிரி. மேடம் அவள் நம்பரை வாங்கிக்கொண்டார்.

பஸ்ஸில் ஏறியதும் அப்பாவுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. ராஜபாளையத்தில் இறங்கிச் சேத்தூர் பஸ் ஏறியதும் மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. தோப்பில் இருந்தால் போன் மோட்டார் ரூமில் கிடக்கும், அது தெரிந்ததுதான். மூன்று வருசத்தில் முதல் தடவையாக, பஸ்ஸில் அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

வீட்டுக்குப் போகாமல் நேரே தோப்புக்கு நடந்தாள். மெஷின் ரம்பச் சத்தம் தூரத்திலேயே கேட்டது. அடிவாரத்தில் எங்கேயாவது எப்போதும் கேட்கிற சத்தம்தானே என்று நடந்தாள். தோப்புக்குள் நுழைந்து நாலு வரிசை தாண்டினதும் மலை தெரிந்தது. மற்ற நாளில் அந்த இடத்தில் மலை தெரியாது, மரம் மறைக்கும்.

பதினோரு மரமும் கீழே கிடந்தது. சுண்டுவிரல் பருமன் வடு தரை பூராவும் சிதறிக் கிடந்தது. மாம்பால் வாடை நெஞ்சை அடைத்தது. தவசிமுத்துவின் ஆட்கள் அடுத்த தோப்பில் வெட்டிக்கொண்டிருந்தார்கள். சோணைமுத்து தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓடைக்கரையில் கம்பி வேலிக்குக் கல் நட்டுக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும் கடப்பாரையைப் போட்டுவிட்டு வந்தார். கண் சிவந்திருந்தது.

"மனசு கேக்கலதான் தாயி" என்றார். "கோட்ட மாத்துததுக்கு முன்னால வந்து பாப்பாவன்னு தவசிமுத்து சொன்னான். வந்து பாத்தா வரிசை நிக்கும். நீ அம்புட்டுப் பேருக்கு முன்னால சொன்னது பொய்யாயிரும். எம்மவ பொய் சொன்னவன்னு ஒருத்தன் சொல்லிரக் கூடாது பாரு. அதான், நீ சொன்னத நெசமாக்கிட்டேன்."

பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். 'வெள்ளி காலை ஒன்பது மணிக்கு வருகிறேன், தோப்புக்கு வழி அனுப்பவும்' என்று மேடம் செய்தி. அதை வாசித்துவிட்டுப் போனை அணைத்தாள். அப்பாவின் கை பூராவும் மாம்பால் பட்டுக் கறுத்து, அங்கங்கே புண்ணாகியிருந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. பிடித்துக்கொண்டாள்.

"சொல்லிட்டியா தாயி?" என்று கேட்டார்.

"சொல்லிட்டேம்ப்பா."

"வரலைன்னுதான சொன்ன?"

"ஆமாப்பா. அவிய வரலைன்னுதான் சொன்னேன்."

சோணைமுத்து பெருமூச்சு விட்டார். "அப்பச் சரி" என்றார். "வெட்டுனது வீணாப் போயிருமோன்னு பயந்துக்கிட்டே கெடந்தேன்."