போகும்போது கேட்காத ஊர்

தூத்துக்குடி மாவட்டத்தில் அடுத்த இருபது ஆண்டுகளில் எந்தச் சாலை அகலமாகும், எந்த ஊருக்குப் பேருந்து ஓடும் என்று திட்டம் போட்ட அலுவலகத்தில் நான் இருந்தேன். இதை நாலு பேரிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடிவதில்லை. பார்த்தது என்னவோ படிவங்களைக் கணினியில் ஏற்றுகிற வேலைதான்.

துறைமுகச் சாலையில் கண்டெய்னர் லாரிகளை எண்ணினார்கள். ஆத்தூரில் வெற்றிலைக்கட்டு ஏற்றும் வண்டிகளை எண்ணினார்கள். பிறகு ஊர் ஊராகக் காலையில் பேருந்து நிறுத்தத்தில் நின்று, ஏற வருகிறவர்களிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்டு எழுதினார்கள். எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் எங்கே போகிறார்களோ, அதைப் பொறுத்துத்தான் சாலையும் பேருந்தும்.

முதல் வரைபடம் சுவரில் ஏறிய அன்று என் ஊரைத் தேடினேன். கீழவைப்பாருக்குப் போகும் கோடு தலைமுடி கனம்கூட இல்லை. பக்கத்தில் இருந்த பட்டியலில் எங்கள் காலைப் பேருந்தை நிறுத்திவிடலாம் என்று போட்டிருந்தது. மீன்கூடையை முகம் சுளிக்காமல் ஏற்றிக்கொள்கிற ஒரே பேருந்து அது. அதில்தான் என் அக்கா விளாத்திகுளம் போய் மீன் விற்கிறாள். அது நின்றால் அவள் பிழைப்பும் நின்றது.

அதிகாரியிடம் போய் நின்றேன். சென்னைக்காரர், பொறுமைசாலி. "உங்க ஊர்ல இருந்து யாரும் எங்கேயும் போறதே இல்லையேம்மா" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வேறு ஆள் ஏற்றியிருந்த எங்கள் ஊர்ப் படிவக் கட்டைப் பிரித்தேன். போகும் இடம் கீழவைப்பார். அடுத்ததிலும் கீழவைப்பார். அதற்கடுத்ததிலும் அதேதான். ஒன்றின் ஓரத்தில் மட்டும், 'இங்கனதான் என்கிறார்கள்' என்று எழுதியிருந்தது.

கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. புறப்படுகிற ஆளிடம் எங்கே போகிறாய் என்று கேட்பது எங்கள் பக்கம் ஆகாது. கடலுக்குப் போகிறவனானாலும் சரி, யாவாரத்துக்குப் போகிறவளானாலும் சரி, கேட்டால் போன காரியம் விளங்காது. விவரம் தெரியாமல் யாராவது கேட்டால், "இங்கனதான்" என்று, இங்கேதான் பக்கத்தில் என்பதுபோலச் சொல்லிவிட்டு நடையைக் கட்டுவோம். ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாத ஊர்தான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் கோயில் பங்குச் சாமியார் சொன்னாலும் கேட்க மாட்டோம்.

"கேள்வி சரிதான் சார், கேட்ட நேரம்தான் தப்பு. மத்தியானம் திரும்பி வரும்போது, எங்க போயிட்டு வாரீயன்னு கேளுங்க."

"அப்ப சொல்லுவாங்களா?"

"நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த மாட்டாங்க."

ஒரே ஒரு நாள் தந்தார். சும்மா சொல்லக்கூடாது, அவரும் கூடவே வந்தார். மத்தியானப் பேருந்திலிருந்து வெறுங்கூடைகளோடு பெண்கள் இறங்கினார்கள். எந்த ஊர், எந்தத் தெரு, யார் சாளை மீன் வாங்கினார்கள், யார் முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள் என்பதுவரை கொட்டினார்கள். படிவம் தீர்ந்துபோய்ப் பின்பக்கத்தில் எழுதினோம். விளாத்திகுளத்துக்கு அப்பாலும் இரண்டு ஊர் போய் வருவதாக என் அக்கா சொன்னாள்.

"அங்கே பஸ்ஸே இல்லையே, நடந்தா?" என்றார் அதிகாரி.

"பின்ன, பறந்தா?" என்றாள் அக்கா.

திருத்திய வரைபடத்தைச் சென்னையில் வைத்தபோது, நம்பாமல் கேள்வி கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல என்னையும் அழைத்தார்கள். உறுதியாகும்வரை வீட்டில் மூச்சு விடக் கூடாது என்றிருந்தேன். புறப்பட்ட காலையில் பட்டுச்சேலை கட்டி, வரைபடச் சுருளோடு அதே பேருந்தில் ஏறினேன். விளாத்திகுளம் வரை அக்கா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். சேலையைப் பார்த்தாள், சுருளைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் ஊரில் வந்து இறங்கினேன். அக்கா வெறுங்கூடையோடு எனக்காகவே நின்றிருந்தாள்.

"ஏளா, எங்க போயிட்டு வார?"

"நம்ம பஸ் நிக்காதுக்கா. நீ நடக்கிற அந்த ரெண்டு ஊருக்கும் சேத்து எழுதி வாங்கிட்டு வாரேன்."

பெருமையில் என் குரல் எனக்கே கூடுதலாகக் கேட்டது. அக்கா கூடையைக் கீழே இறக்கி வைத்தாள்.

"மொதல்ல இருந்து சொல்லு" என்றாள்.