பஸ் ஸ்டாண்டில் ஒரு பிரசவ வார்டு

போன வாரம் என் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "சுகர் ஜாஸ்தி. ரெண்டு நாள் மலைப்பக்கம் போய் நல்ல காத்து வாங்குங்க."

வாங்கினேன். மலை மேல் கரியாலூரில் அருவி, தேன், தினைப் பொங்கல்... ஆரோக்கியத்துக்கு அங்கே என்ன பஞ்சம்? ஆபரேஷன் என்று வந்தால் மட்டும் கீழே இறங்க வேண்டும். சின்ன விஷயம்தானே!

ஞாயிறு மாலை கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினேன். டீக்கடைப் பக்கத்து பெஞ்சில் ஒரு கணவனும் நிறைமாத மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். பாய், தலையணை, தண்ணீர்க் குடம்... ஒரு குடித்தனமே இருந்தது.

"எந்த பஸ்ஸுக்குங்க காத்திருக்கீங்க?" என்றேன்.

"பஸ்ஸுக்கு இல்லீங்க. வலிக்கு" என்றார் அவர்.

அவர் பெயர் கோவிந்தன். மனைவி செல்வி. கரியாலூரைத் தாண்டி, ரோடு போகாத ஒரு மலைக் கிராமம்.

"ஆஸ்பத்திரிக்குப் போகலியா?"

"போனோங்க. வலி இல்லியே, வூட்டுக்குப் போயிட்டு வலி வந்ததும் வாங்கன்னுட்டாங்க. வூடு இன்னா அடுத்த தெருவுலயா இருக்குது? எங்க ஊருப் பொம்பளைங்க மாசம் நெருங்கினா இங்கதான் வந்து ஒக்காந்துக்குவாங்க."

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். எல்லோருக்கும் வீடு பக்கத்திலேயே இருக்கும் என்று நம்புகிற நல்ல மனசுக்காரர்கள்... அவ்வளவுதான்.

செல்வி மெதுவாகச் சொன்னாள். "மொதப் புள்ள வழியிலயே பூடுச்சுங்க. தூளி கட்டித் தூக்கினு வந்தாங்க. ரோட்டுக்கு வர்றதுக்குள்ள..."

பையைக் கீழே வைத்தேன். இரண்டு நாள் வாங்கிய நல்ல காற்று எங்கே போனதோ!

"எங்க வீட்டு மாடி ரூம் காலியா இருக்கு, வாங்க" என்றேன்.

"வூடு எங்கங்க?"

"ரெண்டு கிலோமீட்டர்தான்."

கோவிந்தன் மனைவியைப் பார்த்தார். "ராவுல ஆட்டோ கெடைக்கலன்னா இன்னா பண்றது? வாணாங்க. ஆஸ்பத்திரிக்கு இதான் கிட்டக்க."

இரண்டு கிலோமீட்டர் நமக்கு வாக்கிங். அவருக்கு பயம். நாம் உடம்பைத் தேற்ற மேலே போகிறோம். அவர்கள் உயிரைக் காப்பாற்றக் கீழே வருகிறார்கள். வளைவில் எதிரெதிரே வரும்போது, வழி விடச் சொல்லி ஹாரன் அடிப்பது யார்? நம் கார்தான்!

பேசிக்கொண்டிருக்கும்போதே செல்வி பெஞ்சு விளிம்பை இறுகப் பிடித்தாள். முகம் வியர்த்துவிட்டது. டீக்கடைக்காரர் கிளாஸைப் போட்டுவிட்டு ஓடி, ஒரு ஷேர் ஆட்டோவை மறித்து, ஆட்களை இறக்கிவிட்டார். முணுமுணுக்காமல் இறங்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் பார்த்ததுமே ஆபரேஷன் என்றுவிட்டார்கள். தியேட்டர் வாசலில் கோவிந்தன் உட்காரவே இல்லை. நானும்தான்.

கடைசியில் நர்ஸ் வெளியே வந்தார். "பொம்பளப் புள்ள. கழுத்துல கொடி சுத்தியிருந்துச்சு. நல்ல வேளை, மலையிலேர்ந்து கரெக்டான நேரத்துக்கு வந்துட்டீங்க!"

கோவிந்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மலையிலேர்ந்து வரலம்மா, பஸ் ஸ்டாண்டுலேர்ந்து வந்தோம். மலையிலேர்ந்து வந்திருந்தா இன்னும் வந்துக்கினுதான் இருப்போம்."