முப்பத்து நான்கு குடுவைகள்

அந்த ஆய்வகத்தில் அவளுக்கு 'மூணு தடவை' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். இப்போது முகத்துக்கு நேராகவே கூப்பிடுகிறார்கள். இருபத்து நான்கு வருஷத்துக்கு முன்பு குடுவை கழுவ ஒப்பந்தத்தில் வந்தவள், இன்றும் ஒப்பந்தம்தான். காற்றை அளக்கும் கருவியை ஓட்டியவர் வேறு வேலை கிடைத்துச் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட, கையேட்டையும் அகராதியையும் மடியில் வைத்துப் பேருந்திலேயே படித்துக் கருவியின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். எந்தக் குடுவையையும் மூன்று முறை அளப்பாள். முதல் அளவைத் தூக்கிப் போட்டுவிடுவாள். முந்தைய குடுவையின் மிச்சம் குழாயில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பாள். மற்ற இரண்டும் ஒத்துப்போனால்தான் நோட்டில் ஏறும்.

இந்த முறை வடதுருவக் கடலிலிருந்து நாற்பது குடுவைக் காற்று வந்திருந்தது. அங்கே கடலடி மண் காலங்காலமாக உறைந்து கிடக்கிறது. அதற்குள் மீத்தேன் அடைபட்டிருக்கிறது. கடல் சூடேறினால் அது வெளியே வருமா, வந்தால் எவ்வளவு வேகமாக வரும் என்பதில்தான் இரண்டு பேருக்குப் பதினோரு வருஷமாகச் சண்டை. ஒரேயடியாகப் பீறிட்டு வரப்போகிறது, உடனே வானத்தில் துகள் தூவி வெயிலைக் குறைக்க வேண்டும் என்பவர் ஆய்வகத் தலைவர். மெல்லத்தான் கசியும், வெயிலைக் குறைக்கப் போய் மழையைக் கெடுத்துவிடாதீர்கள் என்பவர் எதிர்க் கட்டடத்துப் பேராசிரியர். இருவரும் மேசையைத் தட்டி எடுத்துக்காட்டுவது என்னவோ இவள் அளந்த எண்களைத்தான்.

நாற்பதில் ஆறு மட்டும் எகிறி நின்றன. அவற்றில் மீத்தேனோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடும் ஏறியிருந்தது. கடலடியிலிருந்து வரும் வாயுவில் அது இருக்காது. எரிந்த இடத்திலிருந்துதான் வரும். கப்பலின் பயணக் குறிப்பைப் புரட்டினாள். எரிவாயுவில் ஓடும் கப்பல், எரியாமல் தப்பும் மீத்தேனும் அதன் புகையோடு வரும். அந்த ஆறையும் நிரப்பிய மதியம் காற்று பின்னாலிருந்து வீசியிருக்கிறது. புகைபோக்கி கக்கியதைப் பத்திரமாகப் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள் புண்ணியவான்கள். ஆறு வரிக்கும் எதிரே சிவப்பு மையில், 'கப்பல் புகை. சேர்க்க வேண்டாம்' என்று எழுதினாள்.

மீதி முப்பத்து நான்கும் சுத்தம். ஆனால் அவையும் போன பயணத்தைவிட ஏறித்தான் இருந்தன.

வானத்தில் தூவலாமா என்று முடிவெடுக்க ஓர் அவசரக் குழு போட்டிருந்தார்கள். அது கூடுவதற்கு முந்தின நாள், தலைவரின் அட்டவணை அவள் கையெழுத்துக்கு வந்தது. அதில் நாற்பதும் இருந்தன. சிவப்புக் குறிப்பு ஒன்றுகூட இல்லை. தாளை எடுத்துக்கொண்டு நேரே அவர் அறைக்குப் போனாள்.

"என்ன மூணு தடவை, இன்னும் கையெழுத்தாகலையா?"

"இந்த ஆறை எடுக்கச் சொல்லி எழுதியிருந்தேனே சார்."

"எடுத்தா ஏற்றம் பாதியாயிடுதும்மா."

"பாதின்னா பாதி. அதுதானே நிஜம்?"

"பதினோரு வருஷமா தொண்டைத் தண்ணி வத்தக் கத்துறேன். எவன் காதுலயாவது ஏறுச்சா? இந்த ஆறைப் பார்த்தாத்தான் நிமிர்ந்து உட்காருவானுங்க. ஆபத்து இருக்கா இல்லையா, நீங்களே சொல்லுங்க."

"இருக்கு சார். அதனாலதான் அதுல புகையைக் கலக்காதீங்கன்னு சொல்றேன்."

கையெழுத்துப் போடாமல் வெளியே வந்தாள். நடையிலேயே பேராசிரியர் காத்திருந்தார். யார் ஊதினார்களோ தெரியாது, விஷயம் அதற்குள் அவரிடம் போயிருந்தது.

"ஆறு குடுவை கெட்டுப்போச்சாமே? அப்ப மொத்தப் பயணமும் நம்பத் தகுந்ததில்லைன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்கம்மா."

"மீதி முப்பத்து நாலும் சுத்தமா இருக்கு சார். அதுவும் ஏறியிருக்கு."

"அதை விடுங்க."

"எதை சார் விடறது?" என்றாள். பக்கத்து அறைக் கதவு திறந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

வீட்டில் அன்று சாயங்காலம் பாத்திரங்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. கணவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

"கோவம் யார் மேல? அந்த மூடி என்ன பாவம் பண்ணுச்சு?"

"ரெண்டு பேருக்கும் என் நோட்டு வேணும். நோட்டுல இருக்கறது வேணாம்."

"கயிறு தேஞ்சிருக்குன்னு நான் எழுதினாலும் இதே கதைதான். ஒருத்தன் இன்னிக்கே அறுந்துடும்னு எழுதச் சொல்வான், இன்னொருத்தன் புத்தம் புதுசுன்னு எழுதச் சொல்வான்."

"நீ என்ன செய்வ?"

"தேஞ்சிருக்குன்னு எழுதிட்டுத் திட்டு வாங்குவேன். மூடியைக் குடு, நெளிஞ்சிடுச்சு."

மறுநாள் அட்டவணையில் அந்த ஆறு வரிகளையும் அளவுகோல் வைத்து அடித்தாள். கீழே 'முப்பத்து நான்குக்கு மட்டும்' என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கூட்டத்துக்குத் தானே எடுத்துப்போனாள். குழுத் தலைவி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்.

"இதை அடிச்சது யாரு?"

"நான்தாங்க."

"அவங்க கருவி ஓட்டறவங்க" என்றார் ஆய்வகத் தலைவர் அவசரமாக. "விளக்கம் சொல்றது அவங்க வேலை இல்ல."

"அதை நானும் ஒத்துக்கறேன்" என்றார் பேராசிரியர்.

பதினோரு வருஷத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் கோபம் சுர்ரென்று ஏறியது.

"ஓட்டறவதான். ரெண்டு பேர்ல யாராவது ஒரு குடுவையைத் தொட்டுப் பார்த்திருக்கீங்களா? முப்பத்து நாலு குடுவை ஏறியிருக்கு. இவர் சொல்றதுல பாதிதான் ஏறியிருக்கு. பாதின்னா ஒண்ணுமில்லைன்னு அர்த்தமில்ல. நாளைக்கே பீறிட்டு வரும்னும் அர்த்தமில்ல. வானத்துல எதையாவது தூவுங்க, தூவாம இருங்க, அது உங்க பாடு. ஆனா ஒரு கப்பலோட புகையைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. இருக்கற முப்பத்து நாலை மறைச்சுட்டும் முடிவு பண்ணாதீங்க."

குழுத் தலைவி, அடிக்கப்பட்ட வரிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"குடுவையில மிச்சக் காத்து இருக்கா?"

"ஒவ்வொண்ணுலயும் பாதி வச்சிருக்கேன்."

"வேற ஆய்வகத்துக்கு அனுப்புங்க. அவங்க அளந்து சொல்லட்டும். அதுவரைக்கும் தூவறதுன்னும் முடிவில்ல, சும்மா இருக்கறதுன்னும் முடிவில்ல."

மதியம் அவள் பெட்டியில் பஞ்சு பரப்பி நாற்பதையும் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு குடுவையின் திருகையும் இன்னொரு முறை இறுக்கினாள், உள்ளங்கை சிவந்திருந்தது. ஆய்வகத் தலைவர் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"அந்த ஆறு எதுக்கு? மானம் போகவா?"

"நான் அடிச்சது சரிதானான்னு அவங்க பார்க்க வேண்டாமா? நாற்பதும் போகும்."

"உன் ஒப்பந்தம் அடுத்த மாசம் முடியுது. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார்" என்றாள், நிமிராமல். "அந்த டேப்பை இப்படி எடுங்க."