அருள் போடாத டிக்

முச்சந்தியில் கழித்துப் போட்ட எலுமிச்சம்பழத்தை மிதித்துக்கொண்டு போகிற ஆள் நான். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் டீ ஆறுது, குடிங்க என்பேன். அதனால் நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபமில்லை. நடந்தது நடந்ததுதான்.

திண்டிவனத்தில் மாவு மில்லுக்கு மேல் மாடியறையில் நானும் என் கூட்டாளி அருளும் ஆண்ட்ராய்டு ஆப் செய்துகொண்டிருந்த காலம் அது. விழுப்புரம் பஸ்ஸில் தூங்கிப்போகிறவர்களை அவரவர் நிறுத்தம் வருமுன் எழுப்பிவிடும் ஆப். எழுப்புகிற குரல் அருளுடையது. "கூட்டேரிப்பட்டு வந்துக்கினு இருக்குது, மயிலம் போறவங்க எழுந்துருங்க" என்று அவன் தன் போனில், ஆப்புக்குள்ளேயே கத்திப் பதிவு செய்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கீழிருந்து மிளகாய் நெடி ஏறும், இருவரும் தும்மிக்கொண்டே வேலை செய்வோம். அப்படி ஒரு சந்தோஷம் அப்புறம் எனக்கு வாய்க்கவே இல்லை.

என் பழைய லேப்டாப்பில் விண்டோஸ் அவன் போனை மதிக்கவே இல்லை. அதனால் அதற்குள்ளேயே விர்ச்சுவல் மெஷின் என்று லினக்ஸில் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டி, போனை அதோடு இணைப்போம். இணைக்கிறபோதெல்லாம் இந்தக் கம்ப்யூட்டரை அனுமதிக்கலாமா என்று போன் கேட்கும், ஓகே அழுத்தவேண்டும். அதற்கு மேலேயே 'எப்போதும் அனுமதி' என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் டிக் போட்டுவிட்டால் மறுபடி கேட்காது. அருள் போடவே மாட்டான்.

"டிக் போட்டுத் தொலைடா, பேஜாரா இருக்குது" என்பேன்.

"போ மச்சான். நம்மள யாரு கேட்டுக்கினு செய்றாங்க? இது ஒண்ணுதான் கேக்குது. கேக்கட்டும்" என்பான். மேசையில் இரண்டு தட்டு தட்டிவிட்டு ஓகே அழுத்துவான்.

விக்கிரவாண்டி அருகே லாரி மோதி அருள் போய்விட்டான். அப்போது அவன் மகள் கைக்குழந்தை.

கல்லறைத் திருநாளன்று மதியம் அவன் மனைவி மேரி குழந்தையோடு மாடியேறி வந்தாள். கல்லறையில் ஏற்றிய மெழுகுவத்தியின் மெழுகு விரல்களில் ஒட்டியிருந்தது. கொண்டுவந்திருந்த அருளின் போன் நொறுங்கிப்போயிருந்தது. வெளிச்சம் வந்தது, தொட்டால் எதுவும் நடக்கவில்லை. விழுப்புரத்துக் கடைக்காரர் அந்த மாடலுக்குத் திரை கிடைக்காது என்று கைவிரித்துவிட்டாராம்.

"அண்ணே, பாப்பா நாளைக்கு அப்பா கொரலு எப்டி இருக்கும்னு கேட்டா நான் இன்னாண்ணே சொல்லுவேன்? பஸ்ஸு ஆப்புல பேசினாரே, அத மட்டும் எடுத்துக் குடுங்கண்ணே."

அந்தப் பதிவு அவன் போனில் மட்டும்தான் இருந்தது. போனை விர்ச்சுவல் மெஷினோடு இணைத்தேன். வழக்கமான கேள்வி வந்தது. ஓகே மேல் அழுத்தினேன், துடைத்து அழுத்தினேன், அசையவில்லை. மவுஸைச் செருகிப் பார்த்தேன், போன் ஏற்கவில்லை. போனை மறுபடி லேப்டாப்பில் செருகினேன், மறுபடி அதே கேள்வி.

"முடியாதும்மா" என்றேன். மில் சாப்பாட்டு நேரத்துக்கு நின்றிருந்தது, அப்படி ஒரு அமைதி. மேசையில் இரண்டு தட்டு கேட்டது. மேரிதான் தட்டுகிறாள் என்று திரும்பினேன். அவள் இரண்டு கையாலும் குழந்தையைப் பிடித்திருந்தாள். லேப்டாப்பைப் பார்த்தேன். அதுவரை அனுமதியில்லை என்று இருந்த இடத்தில் போன் இணைந்துவிட்டதாகக் காட்டியது.

நம்பினால் நம்புங்கள், குரலை எடுத்தேன். ஓடவிட்டதும் குழந்தை ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்துச் சிரித்தது. மேரி அப்போதுதான் அழுதாள்.

உடைந்த திரை சில சமயம் தன்னைத்தானே அழுத்திக்கொள்ளும் என்கிறார்கள். சரி. தட்டியது கீழே மில்காரராக இருக்கும் என்கிறார்கள். அதுவும் சரி. போனை மேரி என்னிடமே விட்டுப்போனாள். பல மாதம் கழித்து அதே விர்ச்சுவல் மெஷினோடு இணைத்தேன். கேள்வியே வரவில்லை, நேராக இணைந்தது. அப்படியானால் அன்று ஓகே மட்டும் அழுந்தவில்லை, 'எப்போதும் அனுமதி'யில் டிக்கும் விழுந்திருக்கிறது.

இன்றைக்கும் கல்லறைத் திருநாள் வந்தால் அந்தப் போனைச் செருகிவிட்டு, கேட்கட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். கேட்பதே இல்லை.