நான் படிக்காத பக்கங்கள்

கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் விதைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன். உப்புக் கரைசலில் ஊறவைத்த உளுந்து வறட்சியைத் தாங்கும் என்று ஒரு வெளிநாட்டுக் கட்டுரையின் சுருக்கத்தில் படித்தேன். முழுக் கட்டுரையைப் பணம் கட்டினால்தான் படிக்க முடியும். நூலகரிடம் கேட்டேன். "நம்ம காலேஜ்ல அதுக்குச் சந்தா கட்டலையேம்மா" என்றார். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

சென்ற புரட்டாசியில் எங்கள் ஊரான எப்போதும்வென்றானில் அப்பா உளுந்து விதைக்கத் தயாரானபோது, அந்தச் சுருக்கத்தை நம்பி விதையை ஊறவைக்கச் சொன்னேன்.

"நீ படிச்ச புள்ள. சொன்னா சரியாத்தான் இருக்கும்ட்டி" என்றார்.

நல்ல மழை பெய்தும் பாதிக்கு மேல் முளைக்கவில்லை. மறுபடி விதைக்கப் பருவமும் இல்லை. அப்பா திட்டவில்லை. "யாருகிட்டயும் சொல்லாதட்டி, ஒன் படிப்பத்தான் ஏசுவாவ" என்றார். அன்று அழுதேன்.

அதற்குப் பிறகுதான் கட்டுரையாளருக்கு மின்னஞ்சல் எழுதினேன். இரண்டே நாளில் முழுக் கட்டுரையையும் இலவசமாக அனுப்பிவிட்டார். எங்கள் நிலத்துக் கரிசல் போன்ற களிமண்ணில் இந்த முறை முளைப்பைக் கெடுக்கும் என்று உள்ளே தெளிவாக எழுதியிருந்தது.

இப்போதெல்லாம் முழுவதும் படிக்காமல் யாருக்கும் எதையும் சொல்வதில்லை. கிடைக்காவிட்டால் எழுதியவரையே கேட்டுவிடுகிறேன். நடந்ததைக் கேட்ட நூலகரும் இல்லை என்று கைவிரிப்பதை நிறுத்திவிட்டார். கேட்டு வருபவரை உட்காரவைத்து, கட்டுரையாளருக்கான மின்னஞ்சலைத் தானே எழுதித் தருகிறார்.

இந்தப் புரட்டாசியில் அப்பா விதைப்பைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்கவில்லை.