இடது இருக்கை

போன வாரம் ஏர்கண்டிஷன் மாட்ட வந்தவர், சுவரில் போட்ட ஓட்டையை அடைக்க ஒரு டின்னைக் குலுக்கி நுரையைப் பீய்ச்சினார். மஞ்சள் நுரை. பொங்கியது, உப்பியது, இறுகியது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் என் முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது. "என்னங்க, மூச்சு முட்டுதா?" என்றாள் மனைவி. இல்லை என்றேன். முதுகுக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது என்றால் தைலத்தை எடுத்து வந்துவிடுவாள். உங்களிடம் சொல்லலாம்.

நான் மலாக்கா டவுனில் ஒரு சரக்கு ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த காலம். ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருந்த என் சிநேகிதன் குணாவும் நானும், டுரியான் துங்காலில் அவன் வீட்டுப் போர்ச்சில் ஒரு பந்தயக் கார் கட்டினோம். கட்டினோம் என்பது சரியான சொல்தான். வண்டி பெட்டி பெட்டியாக வந்தது. இரும்புக் குழாய்ச் சட்டம், ஃபைபர் தகடுகள், பை பையாக நட்டு போல்ட்டு, 'மிக எளிது' என்று பக்கத்துக்குப் பக்கம் பொய் சொல்லும் ஒரு விளக்கப் புத்தகம். ஜப்பானிலிருந்து பாதியாக அறுபட்டு வரும் பழைய கார்களை விற்கும் ஹாஃப்கட் கடையில் இஞ்சினை வாங்கினோம். வண்டிக்குக் கூரை கிடையாது, கதவு கிடையாது, ரோட்டில் ஓட அனுமதியும் கிடையாது. நியாலாஸ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில், எண்ணெய் ஆலை வரை போகும் நீளமான தார்ச்சாலை இருந்தது. வண்டியை லோரியில் ஏற்றிப்போய் அங்கே முதல் ஓட்டம் விடுவது. வலது இருக்கையில் அவன், இடது இருக்கையில் நான். எங்களுக்குள் ஒப்பந்தம் அவ்வளவுதான். எனக்கு அந்த வயதில் வாழ்க்கை லட்சியமும் அவ்வளவுதான்.

இந்த மாதிரிக் காருக்கு வேகம் இஞ்சினிலிருந்து வருவதில்லை, இல்லாமையிலிருந்து வருகிறது. இது நான் எங்கோ படித்த தத்துவம். அப்போதெல்லாம் ஒன்றைப் படித்தால் அடுத்தவனுக்குச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. போர்ச் சுவரில் மார்க்கர் பேனாவால் நானே எழுதினேன்: 'வண்டிக்குத் தேவையில்லாதது இறங்கட்டும்.' கையெழுத்து நன்றாகவே அமைந்துவிட்டது. அதற்குப் பிறகு பிரேக் மிதியில் துளை போட்டோம். நீண்ட போல்ட்டுகளின் வாலை அறுத்தோம். குணாவின் அம்மா வண்டிக்குள் முன்னால் வைத்திருந்த பித்தளை முருகனைக்கூட விடவில்லை. மயிலோடு சேர்த்து அவரை ஸ்டிக்கராக்கிவிட்டோம்.

"முருகனுக்கே டயட்டாடா?" என்றார் அம்மா.

"பித்தளதான்மா வெயிட்டு. பக்தி வெயிட் இல்ல" என்றான் குணா.

நானும் எடை குறைக்க, காலையில் தின்னும் ரொட்டி சானாய்ப் பரோட்டாவை விட்டேன். ஆபீசில் சர்க்கரை வியாதி என்று பேசிக்கொண்டார்கள்.

ஃபைபர் தகட்டைத் தேய்த்தால் கண்ணாடித் தூள் தோலில் ஏறிக்கொள்ளும். எந்தச் சோப்புக்கும் மசியாது. அப்படித் தேய்த்த மறுநாள் மெர்லிமாவில் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண் காப்பித் தட்டோடு வந்து நின்றபோது நான் இரண்டு முழங்கைகளையும் மாறி மாறிச் சொறிந்துகொண்டிருந்தேன். அந்த வீட்டிலிருந்து பதிலே வரவில்லை. "நல்லதா போச்சி மச்சான். கல்யாணம் ஆனா ஞாயித்துக்கெழம உன்ன யாரு வெளிய விடுவா?" என்று குணா முதுகில் தட்டினான். அதை நட்பு என்று எடுத்துக்கொண்டேன்.

நுரைக்கு வருகிறேன். அந்த வண்டியில் இருக்கைக்கு மெத்தை கிடையாது. இரண்டு திரவங்களைக் கலந்து கருப்புக் குப்பைப் பையில் ஊற்றி, அதை இருக்கைக் கூட்டுக்குள் வைத்து, மேலே உட்கார வேண்டும். நுரை சூடாகப் பொங்கி, முதுகின் மேடுபள்ளங்களைப் பிடித்துக்கொண்டு அப்படியே இறுகும். அசையக் கூடாது. "தும்மிடாத மச்சான், தும்மலும் அச்சாயிடும்" என்றான் குணா. தும்மவில்லை. ஆனால் பின்பாக்கெட்டிலிருந்து பர்ஸை எடுக்க மறந்துவிட்டேன். என் இருக்கையின் வலதுபக்க இடுப்பில் பர்ஸ் அளவுக்கு ஒரு குழி விழுந்தது. உலகத்தில் வேறு யாருக்கும் பொருந்தாத நாற்காலி! அரசன் மாதிரி இருந்தது எனக்கு.

பிறகு ஆபீசில் என்னை இரண்டு வாரப் பயிற்சிக்குப் பினாங்குக்கு அனுப்பினார்கள். குணாதான் பஸ் ஸ்டேஷனில் கொண்டுவந்து விட்டான். "பினாங்கு போற, நல்லா சாப்ட்டுட்டு வா" என்றான். அவன் என்னிடம் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. நெகிழ்ந்துபோய் நல்லா சாப்பிட்டேன்.

திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை நேரே போர்ச்சுக்குப் போனேன். குணா ஏதோ வாங்க வெளியே போயிருந்தான். வழக்கம்போல் இடது இருக்கையில் இறங்கினேன். இடுப்பு பாதியில் நின்றது. தோளை ஏதோ நெருக்கியது. பினாங்கின் நாசி கண்டார் சோறுதான் காரணம் என்று என்னையே திட்டிக்கொண்டு, மூச்சை இழுத்து இன்னொரு முறை முயன்றேன். அப்புறம்தான் கையால் தடவிப் பார்த்தேன். பர்ஸ் குழி இல்லை.

அம்மா தேநீரோடு வந்தார். "அதுல ஏன்யா ஒக்கார்ற? அது ரமேசு தம்பியோடது. குணாகூட வேல செய்ற தம்பி, ஒல்லியா இருக்குமே. உன்ன மாதிரியேதான், குப்பப் பையில கம்முன்னு ஒக்காந்திருந்துச்சி. அந்த நுரை மருந்து ரெண்டு டின்னும் நீ பினாங்கு போறதுக்கு முன்னாலயே வந்து கட்டிலுக்கு அடியில கெடந்துச்சில்ல? ஒனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

பஸ் ஸ்டேஷனில் 'நல்லா சாப்ட்டுட்டு வா' என்று அவன் கையசைத்தபோதே டின்கள் கட்டிலுக்கு அடியில் இருந்திருக்கின்றன. தேநீரைக் குடித்தேன். வேறென்ன செய்ய?

குணா வந்து என்னைப் பார்த்ததும் ஹெல்மட்டைக் கழற்ற ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான்.

"சொல்லலாம்னுதான் இருந்தேன் மச்சான்."

"எப்போ? வண்டி ஓடி முடிஞ்சப்புறமா?"

"ரமேசு அம்பது கிலோதான்டா. நீ..." என் வயிற்றைப் பார்த்தவன், பார்வையைச் சுவருக்கு மாற்றினான். "நீ எழுதுனதுதானே லா?"

சுவரில் என் அழகான கையெழுத்து. மறுத்துப் பேசினால் என் தத்துவத்தோடு நானே சண்டை போட வேண்டியிருக்கும்.

"நீ லோரியில வா. வீடியோ எடுக்க ஒரு ஆளு வேணும்" என்றான், பெரிய பதவி கொடுப்பது போல.

முதல் ஓட்டத்துக்கு வண்டி கிளம்பிய அன்று போகவே கூடாது என்று முடிவெடுத்து, சீக்கிரமாகவே போய்விட்டேன். ரமேசு என் பக்கத்தில், அதாவது தன் பக்கத்தில், பாந்தமாக உட்கார்ந்திருந்தான். அம்மா முன்சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். வண்டி உருண்டதும் வலதுபக்கப் பழம் நசுங்கியது. இடதுபக்கப் பழம் வழுக்கிக்கொண்டு முழுசாக என் காலடிக்கு உருண்டு வந்தது. அம்மா என்னைப் பார்த்தார். குணா பார்க்கவில்லை. வண்டியை லோரியில் ஏற்றினார்கள், நான் ஏறவில்லை. பின்பக்கம் கோழிக்கூண்டுக்கு மேல் வீசியிருந்த என் பழைய நுரை இருக்கையை எடுத்து, மோட்டார்சைக்கிளில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். நியாலாஸில் வண்டி நினைத்த வேகத்துக்கே ஓடியதாம், இஞ்சின் சத்தம் ஆலை வரைக்கும் கேட்டதாம். ரமேசு சொல்லி யாரோ சொன்னார்கள். நான் கேட்கவில்லை.

அம்மா இப்போது இல்லை. அந்த வீட்டை இடித்து, போர்ச் இருந்த இடத்தில் கைபேசிக் கடை வைத்திருக்கிறார்கள். சுவரோடு என் கையெழுத்தும் போயிற்று. கார் யாரிடம் இருக்கிறதோ. குணா இதே ஊரில்தான் இருக்கிறான். சாவு வீடுகளில் பார்த்தால் தலையாட்டிக்கொள்வோம். அவனும் நன்றாகவே பெருத்துவிட்டான். அதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

ஏர்கண்டிஷன் ஆள் போன பிறகு, ஸ்டோர் அறையிலிருந்து அந்த இருக்கையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். இடுப்பு மாட்டிக்கொண்டது, மனைவிதான் கையைப் பிடித்து இழுத்து எடுத்தாள். பர்ஸ் குழி மட்டும் அப்படியே இருக்கிறது. அதில் பொருந்தி உட்கார்ந்தவனைத்தான் காணோம். குணா அவனை இறக்கிவிட்டுப் போனான். நானும் திரும்பிப் போய் அவனை ஏற்றிக்கொள்ளவில்லை.